கொடுக்கப்பட வேண்டுமா, கொடுக்கப்படலாமா?



இன்று ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் ஒரு வகை வாக்கியத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். இலக்கணம் என்றதும், "இது பிள்ளைகள் சமாசாரம், நமக்கென்ன?" என்று வானொலியை அடைத்துவிடாதீர்கள். காட்டு வேலை முடிந்து வந்து களைப்போடு உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கும் இந்தப் பேச்சில் பங்கு உண்டு. பள்ளிக்குப் போகும் பிள்ளை பக்கத்தில் இருந்தால், ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள்.

முதலில் இரண்டு வாக்கியங்கள். ஒன்று: "வொர்க்கர்ஸ் மஸ்ட் பே." மற்றொன்று: "வொர்க்கர்ஸ் மஸ்ட் பீ பெய்ட்." இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிக்கின்றன. ஆனால் முதல் வாக்கியத்தின் பொருள், தொழிலாளர்கள் பணம் கட்ட வேண்டும் என்பது. இரண்டாவது வாக்கியத்தின் பொருள், தொழிலாளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட வேண்டும் என்பது. நடுவில் 'பீ' என்னும் ஒரு சிறு சொல் வந்தது. கடைசிச் சொல் 'பே' என்பதிலிருந்து 'பெய்ட்' என்று மாறியது. அவ்வளவுதான். பணம் போகும் திசையே மாறிவிட்டது!

சிம்பாங் ரெங்கம் வட்டாரத்தில் இருக்கும் நமக்கு இது வெறும் பாடப்புத்தக விஷயம் அல்ல. நம் பிள்ளைகள் குளுவாங், செனாய், பாசிர் கூடாங் என்று வேலைக்குப் போகிறார்கள். பாலம் கடந்து சிங்கப்பூருக்கும் போகிறார்கள். அவர்கள் கையில் கொடுக்கப்படும் வேலைக் கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தோட்டம் கைமாறும்போதும் வேலை நிறுத்தப்படும்போதும் வரும் கடிதங்களிலும் இந்த வகை வாக்கியமே நிறைந்திருக்கிறது. ஆகவே இதை வீட்டில் ஒருவராவது தெளிவாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது இலக்கணத்துக்கு வருவோம். தமிழில் செய்வினை, செயப்பாட்டு வினை என்று இரண்டு உண்டு. "கிராணி கடிதம் எழுதினார்" என்பது செய்வினை. "கடிதம் கிராணியால் எழுதப்பட்டது" என்பது செயப்பாட்டு வினை. முதலாவதில் செய்பவர் முன்னால் நிற்கிறார். இரண்டாவதில் செய்யப்பட்ட பொருள் முன்னால் வருகிறது; செய்தவர் 'ஆல்' என்னும் உருபோடு பின்னால் போகிறார். சில சமயம் அவர் பெயரே இல்லாமல், "கடிதம் எழுதப்பட்டது" என்று மட்டும் வாக்கியம் முடிந்துவிடும்.

மலாய் மொழியிலும் இது இருக்கிறது. 'பாயார்' என்றால் பணம் கொடு. அதன் முன்னே 'டி' சேர்த்து 'டிபாயார்' என்றால் கொடுக்கப்படுதல். நம் 'ஆல்' என்னும் உருபுக்கு மலாயில் 'ஓலே' என்று சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'பை'. தமிழில் 'படு', மலாயில் 'டி', ஆங்கிலத்தில் 'பீ'யும் வினையின் மூன்றாம் வடிவமும். பிள்ளைகளே, இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மலாய் தெரிந்த பிள்ளைக்கு இந்த ஆங்கில வாக்கியம் பாதி தெரிந்த மாதிரிதான்.

அப்படியிருக்க, நம் பிள்ளைகள் ஏன் இதில் தடுமாறுகிறார்கள்? காரணம் நம் பேச்சுத் தமிழில் இருக்கிறது. வீட்டில் நாம், "ஏழாந்தேதிக்குள்ளே சம்பளம் கொடுக்கணும்" என்றுதான் பேசுகிறோம். "கொடுக்கப்படணும்" என்று யாரும் பேசுவதில்லை. யார் கொடுப்பது என்று சொல்லாமலேயே நமக்குப் பொருள் விளங்கிவிடுகிறது. பிள்ளை அதை அப்படியே ஆங்கிலமாக்கி, "சேலரி மஸ்ட் பே" என்று எழுதுகிறது. ஆங்கிலக்காரர் காதுக்கு அது, சம்பளமே எழுந்து போய் யாருக்கோ பணம் கட்ட வேண்டும் என்பது போலக் கேட்கும்! ஆங்கிலத்தில், செயலை ஏற்கும் பொருள் முதலில் வந்துவிட்டால், 'பீ'யை விடவே கூடாது.

இந்த வாக்கியத்தின் வினைப்பகுதி மூன்று துண்டுகளால் ஆனது. முதல் துண்டு துணைவினை: மஸ்ட், ஷல், ஷுட், மே, கேன், வில் போன்றவை. இரண்டாம் துண்டு 'பீ'. மூன்றாம் துண்டு வினையின் மூன்றாம் வடிவம். பள்ளியில் பிள்ளைகள் வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்களே, 'கிவ், கேவ், கிவன்', 'டேக், டுக், டேக்கன்', 'ரைட், ரோட், ரிட்டன்' என்று. அதில் கடைசியாக வரும் சொல்தான் மூன்றாம் வடிவம். மஸ்ட் பீ கிவன், கொடுக்கப்பட வேண்டும். கேன் பீ டேக்கன், எடுக்கப்படலாம். ஷுட் பீ ரிட்டன், எழுதப்படுவது நல்லது.

இங்கே ஒரு வசதியும் உண்டு. துணைவினைக்குப் பின்னால் வரும் 'பீ' எப்போதும் 'பீ'யாகவே இருக்கும். ஒருவர் என்றாலும் பலர் என்றாலும், நான் என்றாலும் அவர் என்றாலும், 'இஸ்' என்றோ 'ஆர்' என்றோ 'வாஸ்' என்றோ மாறாது. ஆகவே பிள்ளைகள் செய்யும் பிழை பெரும்பாலும் மூன்றே மூன்றுதான். 'பீ'யை விட்டுவிட்டு 'மஸ்ட் பெய்ட்' என்று எழுதுவது ஒன்று. 'பீ'யைப் போட்டுவிட்டு மூன்றாம் வடிவத்தை மறந்து 'மஸ்ட் பீ பே' என்று எழுதுவது இன்னொன்று. மூன்றாம் வடிவத்துக்குப் பதிலாக இரண்டாம் வடிவத்தைப் போட்டு 'ஷுட் பீ ரோட்' என்று எழுதுவது மூன்றாவது. இந்த மூன்றையும் பார்த்துத் திருத்தினால் வாக்கியம் நேராகிவிடும்.

அடுத்ததாக, முதல் துண்டாகிய துணைவினையைக் கவனிப்போம். பொருளின் பலம் அதில்தான் இருக்கிறது. "வேஜஸ் மஸ்ட் பீ பெய்ட்" என்றால், சம்பளம் கொடுக்கப்பட்டே ஆக வேண்டும். "போனஸ் மே பீ பெய்ட்" என்றால், போனஸ் கொடுக்கப்படலாம், கொடுக்கப்படாமலும் போகலாம். முன்னது கடமை. பின்னது கொடுப்பவரின் விருப்பம். 'மே' என்ற சொல்லை நம்பித் தீபாவளிக்குக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

'ஷல்' என்ற சொல்லில் ஓர் எச்சரிக்கை தேவை. எதிர்காலத்தைக் குறிக்க, "ஐ ஷல் கோ" என்று பலர் படித்திருப்பார்கள். ஆனால் சட்டங்களிலும் ஒப்பந்தங்களிலும் 'ஷல்' வந்தால் அது பெரும்பாலும் கட்டாயத்தையே குறிக்கும். "ஷல் பீ பெய்ட்" என்பதை 'இனிமேல் எப்போதாவது கொடுக்கப்படும்' என்று படிக்கக் கூடாது. 'கொடுக்கப்பட வேண்டும்' என்றே படிக்க வேண்டும். மலாய்ச் சட்ட நூல்களில் இதே இடத்தில் 'ஹெண்டக்லா' என்ற சொல் வரும்.

'ஷுட்' என்பது மஸ்ட்டைவிடச் சற்று இளகியது. செய்வது முறை, செய்வது நல்லது என்னும் அளவில் நிற்கும். 'கேன்' என்பது இயலும் என்பதைக் காட்டும். 'வில்' என்பது நடக்கப் போவதை அறிவிக்கும். 'மே'க்கு இரண்டு முகம் உண்டு. சில இடங்களில் அது 'நடந்தாலும் நடக்கலாம்' என்று சொல்லும். சில இடங்களில் 'செய்ய உரிமை உண்டு' என்று சொல்லும். "திஸ் கான்ட்ராக்ட் மே பீ டெர்மினேட்டட் பை ஈதர் பார்ட்டி" என்று வேலை ஒப்பந்தத்தில் இருந்தால், இரு தரப்பில் எவராலும் இந்த ஒப்பந்தம் முடித்துக்கொள்ளப்படலாம் என்று பொருள். மழை வந்தாலும் வரலாம் என்பது போன்ற 'லாம்' அல்ல இது. அனுமதி கொடுக்கும் 'லாம்'.

எதிர்மறைக்கு வந்தால் இன்னும் கவனம் வேண்டும். 'மஸ்ட் பீ சைன்ட்' என்றால் கையெழுத்திடப்பட வேண்டும். அதற்கு எதிர்மறை என்ன? நம் தமிழ் மனம், "வேண்டும் என்பதற்கு எதிர் வேண்டாம்தானே" என்று எண்ணி, 'மஸ்ட் நாட் பீ சைன்ட்' என்பதைக் 'கையெழுத்து வேண்டியதில்லை' என்று படித்துவிடும். அது தவறு. 'மஸ்ட் நாட்' என்றால் கூடாது, மலாயில் 'திடாக் போலே'. வேண்டியதில்லை என்பதற்கு ஆங்கிலத்தில் 'நீட் நாட்', மலாயில் 'திடாக் பெர்லு'. மருந்து அடிக்கும் வேலையில் இதை எண்ணிப் பாருங்கள். "திஸ் கேன் மஸ்ட் நாட் பீ யூஸ்ட் அகெய்ன்" என்றால், இந்த டின் மறுபடியும் பயன்படுத்தப்படக் கூடாது. அதை 'மறுபடியும் பயன்படுத்த வேண்டிய அவசியமில்லை, விரும்பினால் பயன்படுத்தலாம்' என்று புரிந்துகொண்டு, யாராவது கழுவித் தண்ணீர் பிடித்து வைத்தால் என்ன ஆகும்? ஒரு சொல்லின் பொருள் பிசகினால் வீட்டில் உள்ளவர்கள் உயிருக்கே ஆபத்து.

நடந்து முடிந்த காலத்தைப் பற்றிப் பேசும்போது இந்த வாக்கியம் இன்னும் ஒரு துண்டு நீளும். "ஓவர்டைம் ஷுட் ஹேவ் பீன் பெய்ட் லாஸ்ட் மன்த்." அதாவது, மிகை நேரச் சம்பளம் போன மாதமே கொடுக்கப்பட்டிருக்க வேண்டும், கொடுக்கப்படவில்லை என்பது உள்ளே அடங்கிய பொருள். 'ஷுட் பீ பெய்ட்' என்பது ஆலோசனை போல ஒலிக்கும். 'ஷுட் ஹேவ் பீன் பெய்ட்' என்பது முறையீடு. அலுவலகத்துக்குக் கடிதம் எழுதும் பிள்ளைகள் இந்த அமைப்பை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. மரியாதை குறையாமல், அதே சமயம் தெளிவாகக் குறையைச் சொல்ல இது உதவும்.

இனி, இந்த வாக்கியத்தில் இல்லாத ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். செய்பவரின் பெயர்தான் அது. "ஹவுஸ் மஸ்ட் பீ ரிப்பேர்ட்" என்று ஓர் அறிவிப்பு இருக்கிறது. வீடு பழுது பார்க்கப்பட வேண்டும். சரி, யாரால்? நிர்வாகத்தாலா, குடியிருப்பவராலா? செலவு யாருடையது? வாக்கியம் வாய் திறக்கவில்லை. செயப்பாட்டு வினையின் இயல்பே அது. செய்பவரைச் சொல்லாமல் விடுவதற்கு அது இடம் தருகிறது. அப்படி விடுவதில் எப்போதும் சூது இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். யார் செய்வது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தால் சொல்லத் தேவையில்லை. ஆனால் பணமோ பொறுப்போ சம்பந்தப்பட்ட இடத்தில், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் "பை ஹூம்?" என்று கேளுங்கள். 'யாரால்?' என்பது அதன் பொருள். பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தைப் பாருங்கள். சம்பளத்தைப் பற்றிச் சொல்லும் 19-ஆம் பிரிவு, செய்பவரை மறைக்கவில்லை. ஒவ்வொரு முதலாளியும், சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்று செய்வினையிலேயே சொல்கிறது. பிடித்தங்களைப் பற்றிய 24-ஆம் பிரிவு செயப்பாட்டு வினையில் வருகிறது. ஆனாலும் 'முதலாளியால்' என்பதை விடவில்லை. இந்தச் சட்டம் அனுமதித்தபடி அல்லாமல் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து முதலாளியால் எந்தப் பிடித்தமும் செய்யப்படக் கூடாது என்பது அதன் கருத்து. ஒரு மாதத்துப் பிடித்தங்கள் மொத்தமாக அந்த மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. சில விலக்குகள் உண்டு. சிங்கப்பூரிலும், சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளமும், 14 நாளுக்குள் மிகை நேரச் சம்பளமும் கொடுக்கப்பட வேண்டும் என்று அங்குள்ள சட்டம் சொல்கிறது. அங்கே வேலைக்குப் போகும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய இடம் ஒன்று இருக்கிறது. தோட்டம் மூடப்படும்போதோ, ஆள் குறைப்பு நடக்கும்போதோ வரும் கடிதம் அது. 1980-ஆம் ஆண்டு வேலை முடிவுப் பலன் விதிகளின்படி, குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஈட்டுத்தொகை உண்டு. இரண்டு ஆண்டுக்கும் குறைவான சேவைக்கு ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட சேவைக்கு ஆண்டுக்கு 15 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு 20 நாள். இது கொடுக்கப்பட வேண்டிய தொகை. கொடுக்கப்படலாம் என்ற வகை அல்ல. வேலை முடிந்த ஏழு நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும். அதோடு, இப்படிப்பட்ட காரணத்தால் வேலை போகும்போது, சேவைக் காலத்துக்கு ஏற்ப குறைந்தது நான்கு, ஆறு அல்லது எட்டு வாரம் முன்னறிவிப்பும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது ஆண்டு வேலை செய்த ஒருவர். அவருடைய சராசரி நாள் சம்பளம் 65 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இருபது ஆண்டுக்கு இருபது இருபது நாளாக 400 நாள். நானூறை அறுபத்தைந்தால் பெருக்கினால் 26,000 வெள்ளி. ஒரு குடும்பம் லயத்தை விட்டு வெளியேறி, வேறொரு வீட்டுக்கு முன்பணம் கட்டி, பிள்ளைகளின் படிப்பு நிற்காமல் பார்த்துக்கொள்ளக் கைகொடுக்கும் தொகை அது.

இந்தத் தொகை செய்வினையா, செயப்பாட்டு வினையா என்பதையும் பொறுத்திருக்கிறது. "யுவர் சர்வீசஸ் வில் பீ டெர்மினேட்டட்" என்று கடிதம் வந்தால், உங்கள் வேலை நிறுத்தப்படும் என்று பொருள். நிறுத்துபவர் முதலாளி. "ஐ ரிசைன்" என்றோ "ஐ விஷ் டு ரிசைன்" என்றோ ஒரு தாளில் நீங்கள் கையெழுத்திட்டால், வேலையை விடுபவர் நீங்கள். தானாகவே வேலையை விட்டு விலகுபவருக்கு அந்த விதிகளின்படி பொதுவாக ஈட்டுத்தொகை கிடைப்பதில்லை. ஆகவே, "இது சும்மா ஒரு பாரம்தான், கையெழுத்துப் போடுங்கள்" என்று யார் சொன்னாலும், அந்தத் தாளில் வினை எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 'ஐ' என்று தொடங்கி 'ரிசைன்' என்று போகிறதா, அல்லது 'பீ டெர்மினேட்டட்' என்று இருக்கிறதா? தெரியாவிட்டால் தாளை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துப் பார்த்து வருகிறேன் என்று சொல்லுங்கள். தொழிற்சங்கத்திலும் தொழிலாளர் இலாகாவிலும் காட்டிக் கேட்கலாம்.

சரி, இதை வீட்டில் எப்படிப் பழகுவது? அதற்குத் தனிப் புத்தகம் தேவையில்லை. அடுப்படியிலேயே பழகலாம். தாய்மார் தமிழில் ஒரு வேலையைச் சொல்லட்டும். பிள்ளை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லட்டும். "அரிசி கழுவணும்" என்று அம்மா சொன்னால், "தி ரைஸ் மஸ்ட் பீ வாஷ்ட்." "விளக்கை அணைக்கலாம்" என்றால், "தி லைட் கேன் பீ சுவிட்ச்ட் ஆஃப்." "மருந்துச் சட்டையைத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது" என்றால், "தி ஸ்ப்ரேயிங் ஷர்ட் மஸ்ட் நாட் பீ வாஷ்ட் வித் அதர் குளோத்ஸ்." "இன்றைக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டியதில்லை" என்றால், "வாட்டர் நீட் நாட் பீ ஃபெட்ச்ட் டுடே." ஆங்கிலம் தெரியாத தாயும் இதில் ஆசிரியராகலாம். 'பீ' என்ற சத்தம் காதில் விழுந்ததா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். விழாவிட்டால், "எங்கேடா பீ?" என்று கேளுங்கள், பிள்ளை தானாகவே திருத்திக்கொள்ளும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள், வீட்டில் இருக்கும் பழைய கடிதங்களையும் மருந்து டின்னில் உள்ள எழுத்துகளையும் பள்ளி அறிவிப்புகளையும் எடுத்து, இந்த வகை வாக்கியம் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடிக் கோடு போடலாம். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி. துணைவினை எது, அது கட்டாயமா விருப்பமா? செய்யப்படும் காரியம் எது? யாரால் செய்யப்பட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? மூன்றுக்கும் பதிலைத் தமிழில் எழுதி அப்பா அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஒரு வாரம் இப்படிச் செய்தால், பரீட்சைத் தாளில் வரும் கேள்விகளும் எளிதாகிவிடும். வீட்டுக் காகிதங்களும் வீட்டாருக்கு விளங்கிவிடும்.

நேயர்களே, நம் பெற்றோரும் பாட்டன்மாரும் தங்களுக்குத் தெரியாத மொழியில் எழுதிய தாள்களில் கைநாட்டு வைத்தார்கள். படிக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இன்றைக்கு நம் பிள்ளைகள் மூன்று மொழி படிக்கிறார்கள். அந்த மூன்றையும் பரீட்சைக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், வீட்டுக்கு வரும் கடிதத்தைப் படிக்கவும் பயன்படுத்தட்டும். அடுத்த முறை ஒரு தாள் வீட்டுக்கு வரும்போது, 'மஸ்ட்' என்று இருக்கிறதா 'மே' என்று இருக்கிறதா என்று பாருங்கள். 'பீ' இருக்கிறதா என்று பாருங்கள். யாரால் என்று கேளுங்கள். அதன் பிறகு பேனாவை எடுங்கள்.